‘பெயர்’ என்ற தலைப்பு இருந்தும் இல்லை என்கிறது கணினி: ஏற்காட்டு வாசகிக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் பி.காம். முடித்துவிட்டு ஏற்காட்டில் எங்கள் சிறிய காப்பித் தோட்டத்தின் கணக்கைப் பார்த்து வருகிறேன். பழம் பறிக்கும் மாதங்களில் யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்பதை எக்செலில் ஏற்றி, அதிலிருந்து வாரக் கூலிப் பட்டியல் எடுப்பதற்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு நிரலை நானாகவே கற்று எழுதினேன். எங்கள் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதில் நிரலை ஓட்டினால், கோப்பைப் படிக்கத் தொடங்கியதுமே பிழை காட்டி நின்றுவிடுகிறது. சேலத்தில் படிக்கும் என் சித்தப்பா மகன், தன் உபுண்டு லினக்ஸ் கணினியில் மாதிரிக்கு நான்கு வரிகளைத் தானே தட்டச்சு செய்து, அதே நிரலை ஓட்டிப் பார்த்தான். அங்கே சரியாக ஓடியது. இணையத்தில் ஒரு கேள்வி-பதில் தளத்தில் கேட்டேன். போதிய விவரம் இல்லை என்று கேள்வியை மூடிவிட்டார்கள். டெலிகிராம் குழு ஒன்றில் ஒருவர், விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடச் சொன்னார். இன்னொருவர், பிழைகளைப் புறக்கணிக்கும்படி நிரலில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் பிழை போனது, ஆனால் தொழிலாளர்களின் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாக வந்தன. மூன்றாமவர் தனிச் செய்தியில் வந்து, திரையைத் தன்னிடம் ஒப்படைத்தால் சரிசெய்து தருவதாகச் சொன்னார்; நான் மறுத்துவிட்டேன். செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த ஒரு பதிலால் பழைய பிழை நீங்கியது. இப்போது ‘பெயர்’ என்ற தலைப்பே கோப்பில் இல்லை என்று புதிய பிழை வருகிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் நெடுவரிசையே ‘பெயர்’தான். இது போதாதென்று, எக்செல் கோப்பு எழுத உதவும் ஓப்பன்பைஎக்ஸ்எல் தொகுப்பை நிறுவிய பிறகும், அப்படி ஒன்று இல்லை என்கிறது கணினி. முதற்பிழை வந்தபோது எடுத்த திரையின் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். நான் கேட்கத் தெரியாமல் கேட்கிறேனா, அல்லது நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் உதவுவார்களா? யார் சொல்வதை நம்புவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய புகைப்படம் சாய்ந்து, பாதித் திரை ஒளிபட்டு வெளுத்துப் போயிருந்தாலும், பிழைச் செய்தியின் கடைசி வரி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ‘சார்மேப்’ என்ற முறையால் 17-ஆம் இடத்தில் உள்ள 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க இயலவில்லை என்பதே அந்த வரி. உங்கள் கோப்பை நான் பார்த்ததில்லை. ஆயினும், அது எந்த முறையில் சேமிக்கப்பட்டது, உங்கள் தம்பியின் கணினியில் நிரல் ஏன் ஓடியது, ‘பெயர்’ இல்லை என்ற இரண்டாவது பிழை எங்கிருந்து வந்தது ஆகிய மூன்றையும் அந்த ஒரு வரியைக் கொண்டே சொல்லிவிட முடிகிறது. அந்த வரியை நீங்கள் இணையத்தில் கேட்ட கேள்வியில் எழுத்தாகச் சேர்த்திருந்தால், கேள்வி மூடப்பட்டிருக்க வாய்ப்பில்லை. எனவே முதலில் பிழையைத் தீர்த்துவிட்டு, பிறகு கேட்கும் முறைக்கு வருகிறேன்.

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை. 0 முதல் 255 வரையிலான எண்களை, அதாவது பைட்டுகளைத்தான் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். இன்று தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் யுடிஎஃப்-8 என்ற முறையில் எழுதப்படுகின்றன. அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆனால் விண்டோஸில் ஓடும் பைத்தான், ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லி முறையைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டால், அந்தக் கணினியின் பழைய அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான கணினிகளில் அது விண்டோஸ்-1252 எனப்படும் மேற்கு ஐரோப்பிய அட்டவணை. உங்கள் பிழைச் செய்தியில் ‘சார்மேப்’ என்று வருவது இதைத்தான். அதில் உள்ள 256 இடங்களில் ஐந்து இடங்கள் எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படாமல் காலியாக விடப்பட்டுள்ளன. அந்த ஐந்தில் ஒன்று 0எக்ஸ்8டி, அதாவது 141-ஆம் எண். நம்முடைய புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் அந்தச் சிறு குறி, யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாக எழுதப்படும்போது அதன் மூன்றாவது பைட்டு இதே 0எக்ஸ்8டிதான். உகரக் குறியின் மூன்றாவது பைட்டும், ‘ஏ’, ‘ஐ’ ஆகிய உயிர்களின் மூன்றாவது பைட்டும்கூட அந்தக் காலி இடங்களில்தான் விழுகின்றன. புள்ளியோ உகரமோ இல்லாமல் தமிழில் நான்கு சொற்கள் எழுதுவதே கடினம் என்பதால், நம் கோப்புகள் இந்தப் பிழையில் சிக்காமல் தப்புவது அரிது.

இனி 17 என்ற எண்ணுக்கு வருவோம். உங்கள் கோப்பின் முதற்சொல் ‘பெயர்’. அதில் ப, எகரக் குறி, ய, ர, புள்ளி என்று ஐந்து குறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு என்றால் மொத்தம் 15. கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும் வழக்கம் உடையது. ஆகவே புள்ளியின் கடைசிப் பைட்டு 14-ஆம் இடத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் பிழை 17 என்கிறது. நடுவில் கூடிய அந்த மூன்று பைட்டுகள், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன. எக்செல் தரவைச் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தால், இது யுடிஎஃப்-8 கோப்பு என்று அறிவிப்பதற்காக எக்செல் வைக்கும் முன்குறி அது. நீங்கள் அந்த வகையைத் தேர்ந்தது நல்லதே; வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்திருந்தால், அந்தக் கோப்பில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாக மாறியிருக்கும், அவற்றிலிருந்து பெயர்களை மீட்கவும் முடியாது.

முன்குறி இருப்பது தெரிந்துவிட்டால் இரண்டாவது பிழைக்கும் விடை கிடைத்துவிடுகிறது. செயலி சொன்னபடி, கோப்பைத் திறக்கும் வரியில் யுடிஎஃப்-8 என்று முறையைக் குறிப்பிட்டீர்கள். அது சரிதான், பைட்டுகள் எல்லாம் ஒழுங்காகப் படிக்கப்பட்டன. ஆனால் முன்குறியும் ஓர் எழுத்தாகவே படிக்கப்பட்டு, முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டது. உங்கள் நிரல் தேடுவது ஐந்து குறிகள் கொண்ட ‘பெயர்’. கோப்பில் இருப்பதோ ஆறு குறிகள் கொண்ட, முதற்குறி கண்ணுக்குத் தெரியாத ‘பெயர்’. சோதித்துப் பார்க்க விரும்பினால், தலைப்புகளைத் தனித்தனியாக அச்சிடாமல் மொத்தமாக ஒரு பட்டியலாக அச்சிடச் சொல்லுங்கள். முதல் தலைப்பின் முன்னால் ஒரு பின்சாய்கோடும், ‘யு எஃப் ஈ எஃப் எஃப்’ என்ற எழுத்துகளும் நிற்பதைப் பார்ப்பீர்கள். தலைப்பின் நீளத்தை ‘லென்’ கொண்டு அளந்தாலும் ஐந்துக்குப் பதிலாக ஆறு வரும். தீர்வு ஒரு சொல்தான்: திறக்கும் வரியில் ‘என்கோடிங்’ என்பதற்கு எதிரே, யுடிஎஃப்-8 என்பதோடு ஒரு சிறுகோடு இட்டு எஸ், ஐ, ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேருங்கள். முன்குறி இருந்தால் அதை நீக்கிவிட்டுப் படி, இல்லையென்றால் அப்படியே படி என்பது அதன் பொருள். இரண்டு பிழைகளும் அதோடு போய்விடும்.

உங்கள் தம்பியின் கணினியில் நிரல் ஓடியதற்குக் காரணம் இரண்டு இருந்தன. ஒன்றை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். உபுண்டுவில் பைத்தான் இயல்பாகவே யுடிஎஃப்-8 முறையில் கோப்பைத் திறக்கும் என்பது முதற்காரணம். அவர் தட்டச்சு செய்த நான்கு வரிகள் எக்செல் வழியாக வரவில்லை, ஆகவே அவற்றில் முன்குறி இல்லை என்பது இரண்டாவது காரணம். கணினியும் மாறியது, கோப்பும் மாறியது. இரண்டும் ஒரே நேரத்தில் மாறும்போது எதனால் சரியானது என்று யாராலும் சொல்ல இயலாது. உங்கள் கோப்பையே பென் டிரைவில் கொண்டுபோய் அவர் கணினியில் ஓட்டியிருந்தால், முதற்பிழை வந்திருக்காது. ‘பெயர்’ இல்லை என்ற இரண்டாவது பிழை அங்கும் வந்திருக்கும். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடச் சொன்னவரின் யோசனைப்படி நடந்திருந்தால், ஒரு நாள் முழுவதும் செலவழித்த பிறகு அதே இடத்தில்தான் நீங்கள் நின்றிருப்பீர்கள். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து விண்டோஸிலும் யுடிஎஃப்-8 முறையே இயல்பாக இருக்கும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனாலும் முறையை எழுதிவிடும் பழக்கமே பாதுகாப்பானது.

லினக்ஸ் குறித்து ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. உங்கள் மடிக்கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லையென்றால் விண்டோஸ் 11-க்கு முறையாக மாறவும் இயலாது. அந்த நிலையில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுக்கு மாறுவது நியாயமான யோசனைதான். ஆனால் கூலி போட வேண்டிய பருவத்தின் நடுவில், வேறொரு பிழைக்கு மருந்தாக அதைச் செய்யாதீர்கள். பருவம் முடிந்தபின், அதைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொண்டு நிறுவுங்கள். அப்போது வைஃபை பற்றி யாரிடமாவது கேட்க நேர்ந்தால், மடிக்கணினியின் மாடல் பெயர் மட்டும் போதாது; ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை சில்லுகள் வருவதுண்டு. ‘எல்எஸ்பிசிஐ’ என்ற ஆணை காட்டும் சில்லின் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள்.

பிழைகளைப் புறக்கணிக்கச் சொன்ன அந்த இரண்டாவது யோசனையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் உதவிகளில் அதிகம் தீங்கு செய்வது இந்த வகைதான். புறக்கணி என்று சொன்னதும், அட்டவணையில் இடமில்லாத பைட்டுகளை எல்லாம் பைத்தான் தூக்கி எறிந்துவிட்டு, மீதியை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகக் காட்டுகிறது. சாய்கோடு ஏந்திய ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்தும் மாறி மாறி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது யுடிஎஃப்-8 தமிழைத் தவறான அட்டவணையில் படித்ததன் அடையாளம். அடையாளம் மட்டும் என்றால் பரவாயில்லை, திரும்பச் சரியான அட்டவணைக்கு மாற்றிவிடலாம். ஆனால் புள்ளிகளும் உகரங்களும் பைட்டு சிதைந்த நிலையில், அந்தக் கோப்பைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்திருந்தால், பெயர்களை ஒழுங்காக மீட்பது மிகக் கடினம். அப்படிச் சேமித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எக்செல் மூலக்கோப்பு இருக்கும்வரை கவலையில்லை.

இந்த யோசனையைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க வேண்டியதில்லை. இதே பிழைக்கு ‘லத்தீன்-1 என்று போடுங்கள்’ என்ற பதிலையும் பல இடங்களில் பார்ப்பீர்கள். அதற்கு நிறைய ஆதரவு வாக்குகளும் இருக்கும். பிரெஞ்சோ ஜெர்மனோ எழுதப்பட்ட பழைய கோப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பதில் உண்மையாகவே பயன்பட்டது; அவர்கள்தான் வாக்களித்தார்கள். லத்தீன்-1 அட்டவணையில் 256 இடங்களும் நிரப்பப்பட்டிருப்பதால் அதில் எந்தக் கோப்பைப் படித்தாலும் பிழையே வராது. தமிழ்க் கோப்பைப் படித்தாலும் வராது, எழுத்துகள் மட்டும் குப்பையாக வரும். ஆகவே ஒரு பதிலுக்கு எத்தனை வாக்குகள் என்று பார்ப்பதற்கு முன்பு, கேட்டவருடைய கோப்பு எந்த மொழியில் இருந்தது, எந்த ஆண்டில் கேட்டார், எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நின்றுவிட்டது. அந்தப் பதிப்புக்காக எழுதப்பட்ட, எழுத்துமுறை குறித்த பதில்களில் பெரும்பகுதி இன்றைய பைத்தானுக்குப் பொருந்தாது, ஏனென்றால் எழுத்துகளைக் கையாளும் விதமே பைத்தான் 3-இல் மாற்றப்பட்டது.

ஓப்பன்பைஎக்ஸ்எல் சிக்கல் எளியது. உங்கள் கணினியில் அநேகமாக இரண்டு பைத்தான்கள் இருக்கின்றன. விண்டோஸில் பைத்தான் நிறுவப்படாத நிலையில் அந்தச் சொல்லைத் தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். பலர் அங்கிருந்து ஒன்றை நிறுவிவிட்டு, பின்னர் பைத்தானின் தளத்திலிருந்தும் ஒன்றை நிறுவுகிறார்கள். தொகுப்பு ஒன்றில் இறங்குகிறது, நிரலை மற்றொன்று ஓட்டுகிறது. கமாண்ட் பிராம்ப்டில் ‘வேர் பைத்தான்’ என்று கேட்டால் எத்தனை இருக்கின்றன என்று தெரியும்; நிரலுக்குள் ‘சிஸ்’ தொகுதியின் ‘எக்ஸிக்யூட்டபிள்’ என்பதை அச்சிட்டால், ஓடிக்கொண்டிருப்பது எது என்று தெரியும். நிரல் எழுத விஎஸ் கோட் என்ற செயலியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கீழ்ப்பட்டையின் வலப்பக்கத்தில் எந்தப் பைத்தான் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். இனிமேல் தொகுப்புகளை நிறுவும் கருவியை ‘பிப்’ என்று நேரடியாக அழைக்காமல், ‘பைத்தான்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் எம் எழுத்தும் இட்டு, பிறகு ‘பிப்’ என்று அழையுங்கள். எந்தப் பைத்தானை அழைத்தீர்களோ அதிலேயே தொகுப்பு இறங்கும். உங்கள் தம்பிக்கும் ஒரு சொல்: அண்மைக் கால உபுண்டுவில் பிப் மறுப்புச் சொன்னால், அமைப்பை உடைத்தாவது நிறுவு என்ற விருப்பைச் சேர்க்கும்படி சொல்லும் பதில்கள் கிடைக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, ‘வென்வ்’ மூலம் தனிச் சூழல் அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இயக்குதளத்துக்கே அந்தப் பைத்தான் தேவைப்படுகிறது.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் பழைய கேள்வியை நான் படித்ததில்லை. ஆனால் ‘என் நிரல் என் கணினியில் ஓடவில்லை, தம்பி கணினியில் ஓடுகிறது, உதவுங்கள்’ என்ற வடிவில் அது இருந்திருக்கும் என்று உங்கள் கடிதத்தின் போக்கிலிருந்து ஊகிக்கிறேன். வேறொரு நாட்டில் உட்கார்ந்து, ஊதியம் எதுவும் பெறாமல், தன் ஓய்வு நேரத்தில் அதைப் படிக்கும் ஒருவருக்கு உங்கள் பிழையைத் தன் மேசையில் வரவழைத்துப் பார்க்க வழி வேண்டும். மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால், சேலம் அஸ்தம்பட்டியிலிருக்கும் மெக்கானிக்கிடம் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று சொல்லாமல் யாரும் போனை வைப்பதில்லை. பிழைச் செய்தியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் பிழையின் வகையும் அந்த வளைவு எண்ணைப் போன்றவை. அவற்றை விட்டுவிட்டுக் கேட்டால், தெரிந்தவர்கள் விலகிக்கொள்கிறார்கள், ஊகிப்பவர்கள் மட்டும் பதில் சொல்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததற்கு அதுவே காரணம்.

பிழையை இன்னொருவர் மேசையில் வரவழைக்க வேண்டுமென்றால், அதை முதலில் உங்கள் மேசையில் சுருக்க வேண்டும். நிரலின் ஒரு படியை எடுத்துக்கொண்டு, கூலிக் கணக்கிடும் பகுதி, வாரம் பிரிக்கும் பகுதி, அச்சிடும் பகுதி என்று ஒவ்வொன்றாக நீக்குங்கள்; நீக்கிய ஒவ்வொரு முறையும் பிழை இன்னும் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பிழை மறைந்துவிட்டால், கடைசியாக நீக்கியதில் ஏதோ இருக்கிறது. இறுதியில் கோப்பைத் திற, முதல் வரியைப் படி, ‘பெயர்’ என்பதை அச்சிடு என்ற மூன்று நான்கு வரிகள்தான் மிஞ்சும். கோப்பையும் அவ்வாறே ஒரு தலைப்பு வரி, இரண்டு தரவு வரி என்று சுருக்குங்கள். ஆனால் எக்செலில் சுருக்கி, அதே வகையில் சேமியுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்தால், உங்கள் தம்பிக்கு நேர்ந்தது போலப் பிழையே காணாமல் போய்விடும். அப்படிக் காணாமல் போவதும் ஒரு தகவல்தான்: குறை நிரலில் இல்லை, கோப்பில் இருக்கிறது என்று அப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் பயிற்சிக்கு வருபவர்கள் இந்தச் சுருக்கும் வேலையை முடிக்கும்போது, பாதிப் பேருக்கு மேல் கேள்வியை அனுப்பாமலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

சுருக்கிய பிறகும் காரணம் தெரியவில்லை என்றால், கேள்வியில் அந்த மூன்று நான்கு வரிகளையும், அந்தச் சிறு கோப்பையும், பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வெட்டாமலும், இயக்குதளத்தின் பெயரையும், பைத்தானின் பதிப்பு எண்ணையும், கோப்பு எந்தச் செயலியில் எந்த வகையாகச் சேமிக்கப்பட்டது என்பதையும் சேருங்கள். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள். ஏற்கெனவே முயன்றவற்றைச் சொல்லும்போது, என்ன முயன்றீர்கள் என்பதோடு நிறுத்தாமல், முயன்றபோது என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். ‘யுடிஎஃப்-8 போட்டேன், பயனில்லை’ என்பதற்கும், ‘யுடிஎஃப்-8 போட்டேன், அந்தப் பிழை போய், தலைப்பு இல்லை என்ற கீ-எரர் வந்தது’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. புகைப்படம் வேண்டாம், திரையில் உள்ளதை எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். புகைப்படத்திலிருந்து யாராலும் நிரலை எடுத்து ஓட்ட முடியாது, அதே பிழையைத் தேடி வரும் அடுத்தவருக்கும் அது அகப்படாது.

நிறுத்த வேண்டிய ஓரிடமும் உண்டு. உங்கள் உண்மைக் கோப்பில் தொழிலாளர்களின் பெயர், கூலி, ஒருவேளை வங்கிக் கணக்கு எண், ஆதார் எண்கூட இருக்கலாம். அது உங்கள் சொத்து இல்லை, அவர்களுடையது. தனிநபர் தரவுகளுக்கென்றே 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. முழுக் கோப்பைப் பொதுவில் ஏற்றாதீர்கள், செயற்கை நுண்ணறிவுச் செயலியிலும் ஒட்டாதீர்கள். கற்பனைப் பெயர் இரண்டு, கற்பனைக் கிலோ இரண்டு போதும். பிழைக்கு யாருடைய பெயர் என்பது தேவையில்லை, அதில் புள்ளி இருந்தால் சரி.

ஆங்கிலம் பற்றிய உங்கள் ஐயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். நல்ல ஆங்கிலம் எழுதுபவருக்குச் சற்றுக் கூடுதல் பொறுமை கிடைக்கிறது என்பது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நிரலும் பிழைச் செய்தியும் ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் எழுத வேண்டியது ‘இதை ஓட்டினேன், இதை எதிர்பார்த்தேன், இது வந்தது’ என்ற மூன்று சிறு வாக்கியங்கள் மட்டுமே. இலக்கணப் பிழையோடு எழுதப்பட்ட, ஓட்டிப் பார்க்கக்கூடிய கேள்விக்குப் பதில் வரும். அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, பிழைச் செய்தியை விட்டுவிட்டால் வராது. தமிழிலேயே கேட்க விரும்பினால், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்பும் கணியம் அறக்கட்டளையைச் சுற்றியும், விழுப்புரம் போன்ற ஊர்களின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுக்களிலும், தமிழ்க் கோப்புகளோடு பழகியவர்கள் இருக்கிறார்கள். எழுத்துமுறைச் சிக்கலுக்கு, உலகளாவிய தளங்களில் இருப்பவர்களைவிட அவர்கள் விரைவாக விடை சொல்லக்கூடும். எங்கே கேட்டாலும் ஒரு நாளாவது காத்திருங்கள்.

யாரை நம்புவது என்பதற்கு, ஆளைப் பார்க்காதீர்கள், இடத்தையும் பதிலையும் பாருங்கள் என்பேன். பொதுவில் சொல்லப்படும் பதில் தவறாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் திருத்துவார். தனிச் செய்தியில் சொல்லப்படுவதைத் திருத்த யாருமில்லை. திரையை ஒப்படைக்கச் சொன்னவரை நீங்கள் மறுத்தது சரி. மூன்று வரிப் பைத்தான் பிழைக்குத் தொலைவிலிருந்து கணினியை இயக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அந்த மடிக்கணினியில்தான் தோட்டத்தின் வங்கிப் பரிவர்த்தனையும் நடக்கிறது என்றால், ஒப்படைப்பது கல்லாச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். ஏற்கெனவே எப்போதாவது அனுமதி கொடுத்து, பணம் போயிருந்தால், உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. அதே எச்சரிக்கையோடு, ஓர் ஆணையை ஒட்டி ஓட்டச் சொல்லும் பதில்களையும் அணுகுங்கள். ஆணையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று உங்களால் சொல்ல முடியாதவரை ஓட்டாதீர்கள். ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்ய’ விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எதையோ ஒட்டச் சொல்லும் பக்கங்கள் இப்போது பரவியிருக்கின்றன. அவை அனைத்தும் மோசடியே, விதிவிலக்கு இல்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. உங்களுக்குச் சரியான திசையில் ஓர் அடி வைத்துக் கொடுத்ததும் அதுதான். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட இடங்களை அது உலகில் அதிகம் காணப்படும் சூழலைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. அந்தச் சூழலில் எக்செல் முன்குறியும் இல்லை, தமிழ்ப் புள்ளியும் இல்லை. மனிதர்களிடம் கேட்பதற்காக நீங்கள் தயாரித்த அந்தச் சிறு நிரலையும் முழுப் பிழைச் செய்தியையும் அதனிடமும் கொடுங்கள், தீர்வோடு காரணத்தையும் கேளுங்கள், அந்தக் காரணத்தைக் கோப்பின் நகலில் சோதித்துப் பாருங்கள். அது தரும் பதிலை அப்படியே எடுத்துக் கேள்வி-பதில் தளங்களில் பதிலாக இடாதீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அதைத் தடை செய்துவிட்டது.

மூடப்பட்ட கேள்வியை அப்படியே விட்டுவிட வேண்டாம். அதைத் திருத்தி, சுருக்கிய நிரலையும் பிழைச் செய்தியையும் சேர்த்தால், மீண்டும் திறப்பது குறித்துப் பரிசீலிப்பார்கள். திறந்தால், 17-ஆம் இடமும் முன்குறியும் பற்றிய விளக்கத்தை நீங்களே பதிலாக எழுதிவிடுங்கள்; தன் கேள்விக்குத் தானே பதில் எழுதுவதை அத்தகைய தளங்கள் அனுமதிக்கின்றன. எக்செலில் தமிழ்ப் பெயர்களை வைத்துக்கொண்டு இதே பிழையைத் தேடி வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

படிக்கும் சிக்கல் தீர்ந்து, கூலிப் பட்டியலைச் சிஎஸ்வியாக எழுதும் கட்டத்துக்கு வந்ததும் இன்னும் இரண்டு தடைகள் காத்திருக்கின்றன, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுதும்போதும் அதே எஸ், ஐ, ஜி சேர்ந்த முறையையே குறிப்பிடுங்கள். முன்குறி இல்லாத கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் தமிழைக் குப்பையாகக் காட்டக்கூடும். கோப்பைத் திறக்கும் வரியில் ‘நியூலைன்’ என்பதற்கு எதிரே, உள்ளே எதுவும் இல்லாத இரண்டு மேற்கோள் குறிகளையும் இடுங்கள். இல்லையென்றால், விண்டோஸில் ஒவ்வொரு பெயருக்கும் அடுத்து ஒரு வெற்று வரி விழும்.